பெண்டாட்டி ஓட்டு

1945-ம் வருடக் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு காலை வேளையில், வாக்காளர் பட்டியலைத் திருத்துகிற குமாஸ்தா மயிலாப்பூரில் திருவேங்கட முதலியார் வீட்டு வாசலில் வந்து நின்றார். முதலியாருக்குக் கால்வாய்க் கரையில் பெரிய விறகுத்தொட்டி. படகில் வரும் சவுக்குக்கட்டை அங்கேதான் இறங்கும். சுற்றுவட்டாரத்தில் பாதி அடுப்பு அவர் விறகில்தான் எரிந்தது. வீட்டு வரி கட்டுகிறவர் என்பதால் அவருக்கு ஓட்டு இருந்தது. அவருடைய மனைவி என்பதால் காமாக்ஷிக்கும் ஓட்டு இருந்தது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது. சொத்தோ வரியோ உள்ளவனுக்கு ஓட்டு. அவன் கட்டிக்கொண்டவளுக்கு, அவன் கட்டிக்கொண்டதற்காக ஓட்டு.

குமாஸ்தா பழைய பட்டியலைப் பார்த்துப் படித்தார். "காமாக்ஷி. கணவர் திருவேங்கடம். சரிதானுங்களே?"

"அதை அடிச்சிடு. கற்பகம்னு எழுது" என்றார் முதலியார்.

"இந்த அம்மா காலமாயிட்டாங்களா?"

"இல்ல. உள்ளதான் கீறா."

குமாஸ்தா பேனாவை எடுக்காமல் யோசித்தார். "ரெண்டு பேரையும் போட முடியாதுங்க. ஒரு புருஷனுக்கு ஒரு பெண்டாட்டி ஓட்டுதான்னு ரூலு."

"அதான் சொல்றேன். கற்பகம்."

கதவுக்குப் பின்னால் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த காமாக்ஷி, கையில் முறத்தோடு வெளியே வந்தாள். "ஏன், என்னைக் குழில எறக்கிட்டியா?"

முதலியார் அவள் பக்கம் திரும்பவில்லை. "உள்ள போ."

குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டு ஒரு கோடு போட்டார். அதற்கு மேலே கற்பகத்தின் பெயரை எழுதினார். மை உலர ஊதினார். காமாக்ஷி முறத்தை அவர் காலடியில் வீசினாள். அரிசி சிதறியது. அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

காமாக்ஷி சைதாப்பேட்டைக்காரி. நாலாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லை என்று சொல்லி முதலியார் வாலாஜாபாத்திலிருந்து கற்பகத்தைக் கொண்டுவந்தார். கற்பகத்துக்கும் பிள்ளை பிறக்கவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்காத அந்தக் கேள்வியோடு மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் சண்டை போட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள்.

முப்பத்தேழாம் வருடத் தேர்தலில் காமாக்ஷி ஓட்டுப் போட்டிருக்கிறாள். முதலியார் எந்த நிறப் பெட்டி என்று சொல்லி, ஜட்காவில் ஏற்றி அனுப்பினார். சொன்ன பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். அதில் அவளுக்குப் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. கோயிலுக்குப் போய் வந்த மாதிரி இருந்தது.

அவளை மாற்றியது நாற்பத்திரண்டாம் வருடம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானது. முதலியார் இரும்புப் பெட்டியையும் கற்பகத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத்துக்குப் போனார். வண்டியில் இடம் இருந்தது. ஆனாலும் காமாக்ஷியிடம், "நீ வீட்டைப் பாத்துக்க. தொட்டிய எவனாச்சும் கொள்ளையடிச்சிடப் போறான்" என்றார். குண்டு விழுந்தால் அவள்மேல் விழட்டும் என்று அவர் சொல்லவில்லை. அவளுக்கு மட்டும் அப்படித்தான் கேட்டது.

தெருவில் நாய்கள் மட்டும் திரிந்த அந்த மாதங்களில் காமாக்ஷி தொட்டியை நடத்தினாள். கட்டை இறக்கினாள், எடை போட்டாள். போக இடமில்லாமல் ஊரில் தங்கிவிட்ட ஏழைப் பெண்களுக்குக் காய்ந்த விறகாகப் பார்த்துக் கொடுத்தாள். குண்டு விழவில்லை. முதலியார் திரும்பி வந்தார். வந்ததும் சாவியைக் கேட்டார். கொடுத்தாள். ஆனால் அந்தச் சில மாதங்களில் அவளுக்கு வந்துவிட்ட வாயை மட்டும் அவரால் திரும்ப வாங்க முடியவில்லை.

அதன் பிறகு காய்ந்த விறகெல்லாம் ராணுவ முகாம்களுக்குப் போனது. காண்டிராக்டர் துரைவேலு அனுப்பினார். முதலியாரும் அவரும் அதில் கூட்டு. தெருப் பெண்களுக்குக் கிடைத்தது ஈரக் கட்டை. ஊதி ஊதிக் கண் சிவந்து போனார்கள். அதே துரைவேலு இப்போது சட்டசபைத் தேர்தலுக்கு நிற்கப்போவதாகச் சொல்லி, கை கூப்பிக்கொண்டு முதலியார் வீட்டுக்கு வந்தார்.

"வீட்டுல இருக்கிற தாய்மார் ஓட்டும் நமக்குத்தான்னு நெனைக்கிறேன்" என்றார் துரைவேலு.

உள்ளேயிருந்து காமாக்ஷியின் குரல் வந்தது. "அடுப்பங்கரையில வர்ற பொகைக்கு உங்க பேருதான் வெச்சுக்கீறோம் காண்டிராக்டரே. உங்களை மறக்கவே மாட்டோம்."

துரைவேலு காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு முதலியார் அவளை அடித்தார். அந்த வாரமே குமாஸ்தா வந்தார். அவள் பெயர் போனது.

காமாக்ஷி முதலில் பாய்ந்தது கற்பகத்தின் மேல்தான். "என் பேரைத் தூக்கிக்கினு போறியே, வெக்கமா இல்ல?"

"நானா கேட்டேன்?" என்றாள் கற்பகம். "ஆனா வந்தா வரட்டும். பந்தியில நீ முதல்ல, பூசையில நீ முதல்ல, ஜனங்க கூப்புடறப்போ நீ பெரியம்மா. நான் ரெண்டாவதாவே செத்துப்போவணுமா? இதுலயாச்சும் நான்தான்" என்றாள்.

காமாக்ஷி ஆத்திரத்தில் சமையலறை நடுவில் ஒரு பலகையைச் செருகினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு அடுப்பு.

மறுநாள் அவள் தேர்தல் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த பெரிய குமாஸ்தா நிமிராமலே பேசினார். புருஷன் எந்த மனைவியைச் சொல்கிறாரோ அந்த மனைவிதான். மாற்ற வேண்டுமென்றால் புருஷனே வந்து எழுதிக் கொடுக்கட்டும்.

"முதல்ல தாலி கட்டினது என்னைத்தாங்க."

"அதெல்லாம் கோர்ட்டுல போய்ச் சொல்லும்மா. இங்க வாசலை மறைக்காதே."

அலுவலகப் படியில் ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். பெயர் பியாட்ரிஸ், பள்ளிக்கூட டீச்சர். படித்த பெண்களை ஓட்டுக்குப் பதிவு செய்ய வைக்க ஒரு மாதர் சங்கத்தின் சார்பில் அலைந்துகொண்டிருந்தாள். உள்ளே நடந்ததைக் கேட்டிருக்கிறாள்.

"உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"கையெழுத்துப் போட மட்டுமா, நெஜமாவே தெரியுமா?"

"தெரியும்னா தெரியும். நீ இன்னா இன்ஸ்பெக்டரா?"

பியாட்ரிஸ் முகத்தைச் சுளித்தாள். "எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க சொந்தமா ஓட்டுக் கேட்டு மனு போடலாம். புருஷன் தயவு வேண்டாம். ஆனா அதிகாரி முன்னாடி படிச்சுக் காட்டணும். எழுதிக் காட்டணும். உங்களை மாதிரி நெறையப் பேரைக் கூட்டிட்டு வந்துட்டேன். பாதிப் பேர் வாசல்லயே பயந்து ஓடிடுறாங்க. எனக்கு நடைதான் மிச்சம்."

"என்னை மாதிரின்னா எப்படி?"

"வீறாப்பாப் பேசிட்டு, வீட்டுக்குப் போய்ப் புருஷன் மொறைச்சதும் அடங்கிப்போறவங்க."

இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்கவில்லை. பியாட்ரிஸ் கேட்ட கேள்விகளுக்குக் காமாக்ஷி வெட்டு வெட்டென்று பதில் சொன்னாள். மனு எழுதி முடிந்தது. வெள்ளிக்கிழமை வரச்சொன்னார்கள்.

விஷயம் எப்படியோ முதலியாருக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காமாக்ஷி போனபோது அதிகாரியின் மேஜைக்கு எதிரே, நாற்காலியில், அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு நிற்கத்தான் இடம்.

"உங்கள் கணவர் ஆட்சேபணை சொல்கிறார்" என்றார் அதிகாரி. "உங்களுக்குப் படிப்பு வாசனையே கிடையாதாம். அது மட்டுமில்லாமல்..." அவர் கொஞ்சம் தயங்கினார். "புத்தி சுவாதீனமில்லையாம்."

"ஆமாங்க" என்றார் முதலியார். "குழந்தை இல்லாத ஏக்கம். அப்படியே மண்டைக்கு ஏறிடுச்சு. வந்தவங்க மேல அரிசியைத் தூக்கி எறியறா. உங்க ஆபீஸ் ஆளையே கேளுங்க."

பைத்தியம் என்று எழுதிவிட்டால் ஓட்டு மட்டுமா போகும்? நாளைக்குக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வண்டி வைத்தாலும் கேட்பாரில்லை. காமாக்ஷி வாய்க்கு வந்த வசவையெல்லாம் விழுங்கினாள். இப்போது கத்தினால் அவர் சொன்னது நிஜமாகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்த காரியம் அந்த ஒரு நிமிஷம் வாயை மூடியதுதான் என்று பிற்பாடு சொல்வாள்.

அதிகாரி மேஜையிலிருந்த ஒரு காகிதத்தைத் தள்ளினார். மண்ணெண்ணெய்ப் பங்கீட்டைப் பற்றிய சர்க்கார் அறிவிப்பு. "படியுங்கள்."

படித்தாள். எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். "மேற்படி" என்ற இடத்தில் நாக்குத் தடுக்கியது. இன்னொரு நீளமான வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். முதலியார் சிரித்தார். அதிகாரி அவரைப் பார்த்து, "சிரிக்க வேண்டாம்" என்றார். கருணையால் இல்லை, அவருக்குச் சாப்பாட்டு நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

"எழுதத் தெரியுமா?"

"எத எழுதணும்?"

"ஏதாவது. ஒரு வாக்கியம்."

காமாக்ஷி பேனாவை வாங்கினாள். அடுப்புக் கரி பிடித்த விரலால் அழுத்தி அழுத்தி எழுதினாள். அதிகாரி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். அவர் மீசை அசைந்தது. சத்தமாகப் படித்தார்.

"'என் புருஷன் பொய் சொல்கிரார்.'"

அதிகாரி தன் பேனாவால் 'ரா'வை அடித்து 'றா' என்று திருத்தினார். "எழுத்துப் பிழை இருக்கிறது. புத்திப் பிழை இருப்பதாகத் தெரியவில்லை" என்று சொல்லி மனுவில் கையெழுத்துப் போட்டார்.

முதலியார் எழுந்து போனார். போகும்போது அவளிடம், "வீட்டுப் பக்கம் வந்தே, காலை ஒடைச்சிடுவேன்" என்றார். அதைச் செய்யவும் கூடியவர் அவர். காமாக்ஷி போனபோது கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அவளுடைய தகரப் பெட்டி தெருவில் கிடந்தது. எதிர்வீட்டுப் பெண்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அவள் நாற்பத்திரண்டில் காய்ந்த விறகு கொடுத்த பெண்களும் அதில் இருந்தார்கள். ஒருத்தி சொன்னது அவள் காதில் விழுந்தது. "இவளுக்கு வேணும். சோறு போடறவரை எழுத்துல திட்டினா எவன் வெச்சுக்குவான்?"

சைதாப்பேட்டையில் அண்ணன் வீடு. அங்கே ஒரு வேளை சோறு கிடைத்தது. இலையை எடுப்பதற்குள் அண்ணன் கேட்டார். "அடிச்சாருன்னு வந்தியா, பட்டினி போட்டாருன்னு வந்தியா? அதுக்குன்னா நான் வந்து பேசலாம். ஓட்டுக்காகப் புருஷனை விட்டு வந்தேன்னு ஜாதிக்காரங்ககிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கினு சொல்லுவேன்?"

"அடிக்கவும்தான் அடிச்சாரு."

"அதை முதல்ல சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார் அண்ணன், உண்மையிலேயே வருத்தப்பட்டு. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கடைசியில் அவளுக்கு இடம் கொடுத்தவர் மெஹபூப் அலி. கால்வாயிலிருந்து தொட்டிக்குக் கட்டை ஏற்றி வரும் மாட்டுவண்டிக்காரர். கச்சேரி ரோட்டுப் பக்கத்துச் சந்தில் வீடு, வாசலில் வண்டிக் கொட்டகை. அவரும் இனிக்கப் பேசவில்லை. "முதலியார் எனக்கு வாடிக்கைக்காரர். அவர் வந்து கேட்டா, இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன். சண்டையை இங்க கொண்டு வராதே" என்றார். அவர் மனைவி வஜீஹா மட்டும் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பாயை நீட்டினாள். காமாக்ஷி கொட்டகை முகப்பில் விறகைப் பிளந்து கட்டுக் கட்டாக விற்க ஆரம்பித்தாள். ஈரக் கட்டையைக் காயவைத்துக் கொடுத்தாள். வாங்க வந்தவர்களோடு எடைக்குச் சண்டை போட்டாள்.

நாற்பத்தாறு மார்ச்சில் தேர்தல் வந்தது. குளத்தங்கரை அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் சாவடி. பெண்களுக்குத் தனி வரிசை. காமாக்ஷி வெயில் ஏறுவதற்கு முன்பே போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் துரைவேலுவின் கொடி கட்டிய ரிக்ஷாவில் கற்பகம் வந்து இறங்கினாள். பட்டுப்புடவை. காண்டிராக்டரின் ஆட்கள் வழி விலக்கி, அவளைக் கொண்டுவந்து காமாக்ஷிக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

"இங்கயும் முன்னாடிதானா?" என்றாள் காமாக்ஷி.

கற்பகம் திரும்பவில்லை. "வீட்டை விட்டு ஓடினவகிட்ட எனக்கு இன்னா பேச்சு."

"ஓடலடி. தொரத்தினாங்க. பாத்துக்கினுதானே இருந்தே, ஜன்னல்ல?"

வரிசையிலிருந்த பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். சண்டை முற்றுவதற்குள் கற்பகத்தின் முறை வந்துவிட்டது. மேஜையில் இருந்த சாவடி அதிகாரி பட்டியலைப் பிரித்தார்.

"பெயர்?"

"கற்பகம்."

"கணவர் பெயர்?"

கற்பகம் பேசவில்லை. அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பினார்கள்.

"கணவர் பெயர் என்னம்மா?"

"அது... திருப்பதி மலை கீது இல்ல? அந்த மலையோட பேரு."

"ஏழுமலையா?" அவர் பட்டியலில் விரலை ஓட்டினார். "ஏழுமலைன்னு இந்தத் தெருவில் யாரும் இல்லையே."

"அது இல்ல. வேற பேரு."

"வெங்கடேசன்?"

"இல்ல."

"சீனிவாசன்? கோவிந்தராஜன்?"

துரைவேலுவின் ஏஜெண்டு எழுந்து பெயரைச் சொல்ல வாயெடுத்தார். எதிர்க்கட்சி ஏஜெண்டு மேஜையைத் தட்டினார். "நீங்க சொல்லக்கூடாது. ஆளு இவங்கதானான்னு தெரியணும் இல்ல? இவங்க சொல்லட்டும். இல்லாட்டி அனுப்பிடுங்க." இரண்டு ஏஜெண்டுகளும் கத்த ஆரம்பித்தார்கள். கற்பகத்துக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது. வரிசை நின்றுவிட்டது. வெயில் ஏறிக்கொண்டே போனது. எங்கேயோ ஒரு குழந்தை வீறிட்டது. அதிகாரி, "சரி, ஓரமாக நில்லுங்கள். அடுத்தவர் வரலாம்" என்றார்.

கற்பகம் ஓரமாக நகர்ந்தாள். பட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். காமாக்ஷி அதைப் பார்த்தாள். அவள் செய்திருக்க வேண்டியது சும்மா இருப்பதுதான். துரைவேலுவுக்கு ஒரு ஓட்டுக் குறையும். தன் பெயரை அடித்துவிட்டு எழுதிய பெயர் வெறும் பெயராக நின்றுபோகும். அதெல்லாம் அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

"திருவேங்கடம்!" என்று கத்தினாள் காமாக்ஷி. பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. "திருவேங்கடம், திருவேங்கடம், திருவேங்கடம்! அவளுக்கும் அவர்தான், எனக்கும் அவர்தான். கேட்டாச்சா? உள்ள விடுய்யா அவளை. எவ்ளோ நேரம் வெயில்ல காயறது?"

வரிசையில் இருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவி காதைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி கற்பகத்தைப் பார்த்து, "இந்தப் பெயர்தானா?" என்றார். கற்பகம் தலையை ஆட்டினாள். சீட்டைக் கொடுத்தார். அவள் திரைக்குள்ளே போனாள்.

வெளியே வந்தபோது கற்பகம் காமாக்ஷியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. "நன்றின்னு நெனைச்சுக்காதே" என்றாள்.

"உன் நன்றிய எவ கேட்டா" என்று சொல்லிவிட்டுத் தன் ஓட்டைப் போட உள்ளே போனாள் காமாக்ஷி.

துரைவேலு படுதோல்வி அடைந்தார். இரண்டு ஓட்டுக்கள் இந்தப் பக்கம் விழுந்தாலும் அந்தப் பக்கம் விழுந்தாலும் மாறியிருக்கக்கூடிய தோல்வி இல்லை அது. ஆனால் முதலியாரை உறுத்தியது தோல்வியில்லை. மயிலாப்பூர் முழுக்க அவர் பெயரை ஒரு பொம்பளை ஏலம் போட்டுவிட்டாள். கடைத்தெருவில் அவரைப் பார்த்ததும் விடலைப் பயல்கள் மூன்று முறை பெயரைச் சொல்லிவிட்டு ஓடினார்கள். இன்னொன்றும் அவரை அரித்தது. கற்பகத்திடம் கேட்டார். "நான் சொன்ன பெட்டியிலதானே போட்டே?"

"ஆமா."

"நெஜமாவா?"

"ஆமான்றேனே."

அவரால் நம்ப முடியவில்லை. நம்பாமலிருக்கவும் வழியில்லை. திரைக்கு உள்ளே நடந்ததை யாரிடம் போய்க் கேட்பது? மறுபடி மறுபடி கேட்டார். ஒருநாள் கை ஓங்கினார். கற்பகம் அதே "ஆமா"வை அதே குரலில் சொன்னாள். அவள் எதில் போட்டாள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சுதந்திரம் வந்தது. அடுத்த வருடம் புதிய பட்டியலுக்காக ஒரு கணக்கெடுப்பாளர் சந்துக்குள் வந்தார். டில்லியில் அரசியல் சட்டத்தை இன்னும் எழுதி முடிக்கவில்லை. ஆனால் வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு என்று முடிவாகிவிட்டதால் சர்க்கார் இப்போதே வீடு வீடாகப் பெயர் எழுதிக்கொண்டிருந்தது. காமாக்ஷி கோடாலியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்தாள். பரீட்சைக்குத் தயாரானவள் போல நிமிர்ந்து நின்றாள்.

"பேரு சொல்லும்மா."

"காமாக்ஷி. இன்னா படிக்கணும்?"

"ஒண்ணும் படிக்க வேணாம்."

"எழுதிக் காட்டணுமா?"

"வேணாம்மா. இருபத்தொரு வயசு ஆயிருந்தாப் போதும்."

"வீட்டு வரி?"

"கேக்கறதில்ல. புருஷன் பேரோ தகப்பன் பேரோ ஒண்ணு சொல்லுங்க, அடையாளத்துக்கு."

"வீரபத்திரன். எங்கப்பா."

அவர் எழுதிக்கொண்டார். மெஹபூப் அலி தன் பெயரைச் சொன்னார். திரைக்கு உள்ளேயிருந்து வஜீஹாவும் தன் பெயரைத் தானே சொன்னாள். எழுத்தில் தடுமாறிய கணக்கெடுப்பாளருக்கு இன்னொரு முறையும் சொன்னாள். அவ்வளவுதான். மனிதர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

காமாக்ஷி கட்டைமேல் உட்கார்ந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"இன்னாம்மா, கெடைச்சிடுச்சே. சந்தோஷப்படாம?" என்றாள் வஜீஹா.

"நான் வீட்டை வுட்டேன். பைத்தியம்னு பேரு வாங்கினேன். நீ திரைக்குள்ள ஒக்காந்துக்கினே வாங்கிட்டே. அந்தக் கற்பகம் சோத்துல கை வெச்சிக்கினே வாங்கியிருப்பா. எனக்கு மட்டும் ஏன் அத்தனை அடி?"

"எனக்குக் கெடைச்சதுல உனக்கு இன்னா கோவம்?"

"கோவம்தான். இல்லேன்னு பொய் சொல்லச் சொல்றியா?"

வஜீஹா திரையை இழுத்து விட்டாள். இரண்டு பேரும் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு மழை பெய்து கொட்டகை ஒழுகியபோது சேர்ந்து பாத்திரம் வைத்தார்கள்.

நாற்பத்தொன்பதில் இந்த மாகாணத்தில் இந்துக்களுக்கு இருதாரத் தடைச் சட்டம் வந்தது. இனிமேல் எவனும் மனைவி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்ட முடியாது. மெஹபூப் அலி செய்தியைச் சொன்னபோது காமாக்ஷி விறகை இன்னும் ஓங்கிப் பிளந்தாள். "என் வூட்டு ரெண்டாவது கல்யாணத்துக்குப் பந்தல் போட்டப்போ எங்க போயிருந்தானுங்க?" என்றாள்.

அந்தச் சமயம்தான் புதிய பட்டியலைப் பார்வைக்கு வைத்தார்கள். தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில் பியாட்ரிஸ் டீச்சர் இருந்தாள். பழையபடி குடையும் சுளித்த முகமும். காமாக்ஷியின் பெயரை எழுத்துப் பிழையோடு போட்டிருந்தார்கள். தன் பழைய தெருவையும் பார்த்தாள். திருவேங்கடம் என்று இருந்தது. அடுத்த வரியில் 'திருவேங்கடம் மனைவி' என்று இருந்தது. பெயரே இல்லை.

"இது இன்னா இப்படி?"

"நெறைய வீட்டுல இப்படித்தான். பொம்பளை பேரை அந்நிய ஆம்பளைகிட்டச் சொல்ல மாட்டோம்னு ஆம்பளைங்க நின்னுடறாங்க" என்றாள் பியாட்ரிஸ். "பேர் இல்லாத வரியை எடுத்துடுவாங்க. நேர்ல வந்து பேர் குடுத்தாத்தான் உண்டு. போய்ச் சொன்னா எம் மூஞ்சியிலதான் கதவைச் சாத்துறாங்க."

காமாக்ஷி அங்கிருந்து நேராகப் பழைய தெருவுக்குப் போனாள். துரத்தப்பட்ட நாளுக்குப் பிறகு அவள் அங்கே காலெடுத்து வைத்ததில்லை. அந்த வீட்டு எதிரே நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஏய் கற்பகம்!"

ஜன்னல் திறந்தது. "இன்னாடி?"

"பட்டியல்ல உன் பேரு இல்ல."

"கீதுன்னு அவர் சொன்னாரே."

"அவர் பேருதான் கீது. 'அவரு பெண்டாட்டி'ன்னு போட்டுக்கீது. அதை எடுக்கப் போறாங்களாம். என் பேரை அடிச்சிட்டுத்தானே உன்னை எழுதினாரு? இப்ப உன்னையும் அடிச்சிட்டாரு."

கற்பகம் உள்ளே திரும்பிப் பார்த்தாள். உள்ளேயிருந்து முதலியார் இருமும் சத்தம் கேட்டது. பிறகு, "போனாப் போவுது. அதுக்கு நீ ஏன் தெருவுல நின்னு கொரைக்கிறே?" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.

எதிர்வீட்டுப் பெண்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். காமாக்ஷி அவர்கள் பக்கம் திரும்பினாள். "உங்க பேரும் கீதான்னு பட்டியல்ல போய்ப் பாருங்க. உங்க பேரை உங்க ஆம்பளைங்களே முழுங்கிட்டிருப்பானுங்க!" என்று சொல்லிவிட்டு நடந்தாள். முதுகுக்குப் பின்னால் வசவு வந்தது. திரும்பி அவளும் வைதாள்.

அந்த வாரக் கடைசியில், கொட்டகையில் ஒரு அம்மாளுக்கு விறகு நிறுத்துக்கொண்டிருந்தபோது கற்பகம் சந்துக்குள் வந்தாள். தனியாக, நடந்து வந்திருந்தாள். ஒரு கன்னம் லேசாக வீங்கியிருந்தது. எதுவும் வாங்கவில்லை, உட்காரவுமில்லை.

"குடுத்துட்டேன், என் பேரை" என்றாள். "இனிமே எங்க வாசல்ல வந்து கத்தாதே."

"எழுத்தைச் சரியா எழுதினானா பாத்தியா? எனக்குத் தப்பாப் போட்டுட்டான்."

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்?" என்று எரிந்து விழுந்துவிட்டுக் கற்பகம் போய்விட்டாள்.

விறகு வாங்க வந்த அம்மாள், "யாருங்க அது?" என்று கேட்டாள்.

"கற்பகம்" என்றாள் காமாக்ஷி. "தராசைப் பாரும்மா, அப்புறம் எடை கொறையுதுன்னு சண்டைக்கு வராதே."